ஐரோப்பிய அவசரகால நோட்டுகள் சேர்க்க ஆசையா? எங்கே தொடங்கலாம் என்று ஓர் ஒப்பீடு

பழைய நோட்டு சேர்ப்பவர்கள் நடுவே அடிக்கடி வரும் கேள்வி இது: "ஐரோப்பாவின் அவசரகாலக் காகிதப் பணம் சேர்க்கலாம் என்று இருக்கிறேன், ஜெர்மனியில் தொடங்கட்டுமா, ஆஸ்திரியாவா, பிரான்ஸா?" கேட்பவர் பெரும்பாலும் எங்கேயோ ஒரு ஜெர்மன் நோட்டைப் பார்த்திருப்பார். ஹாமெல்ன் ஊரின் எலி பிடிப்பவன் குழல் ஊதிக்கொண்டு முன்னே போகிறான், எலிகள் பின்னே ஓடுகின்றன, நூறு வருடம் பழசு, விலையோ ஒன்றிரண்டு யூரோ. பார்த்ததும் ஒரு கட்டு மொத்தமாக வாங்கிவிடலாம் என்று கை பரபரக்கும்.

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். கடையில் கைமாறி ரொட்டியும் நிலக்கரியும் வாங்கிய நோட்டு உங்களுக்கு வேண்டுமா, அல்லது சேர்ப்பவர்களுக்கென்றே அழகாக அச்சடித்து விற்ற நோட்டு போதுமா? எந்த நாடு என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் இதிலேயே கிடைத்துவிடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சேர்த்தவர்கள்தான் சில வருடம் கழித்து ஆல்பத்தை அப்படியே விற்றுவிட்டுப் போகிறார்கள்.

## முதலில், இவை ஏன் வந்தன

எல்லா நாட்டிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். போர் வருகிறது, அல்லது முற்றுகை, அல்லது விலைவாசி தலைதெறிக்க ஓடுகிறது. வெள்ளிக் காசுகளை மக்கள் பதுக்குகிறார்கள். செம்பையும் நிக்கலையும் அரசு ஆயுதத்துக்கு எடுத்துக்கொள்கிறது. சில்லறை இல்லாமல் சந்தை நின்றுபோகிறது. அப்போது நகராட்சியோ, வர்த்தக சபையோ, தொழிற்சாலையோ, கூட்டுறவுச் சங்கமோ ஒரு தாளை அச்சடித்து, "இதைக் கொண்டுவந்தால் இன்ன தேதிவரை எங்கள் கருவூலத்தில் பணம் தருவோம்" என்று எழுதி வெளியிடுகிறது. 1574-இல் ஸ்பானியப் படை லெய்டன் நகரை முற்றுகையிட்டபோது தேவாலயப் புத்தகங்களின் தாள்களை ஒட்டி அட்டையாக்கி அதிலேயே காசு அடித்தார்கள். 1942-இல் இலங்கையில் வெளியான 5 சத நோட்டுக்கு நடுவே தபால்தலை போலத் துளை போட்டிருக்கும், கிழித்தால் ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம். இதெல்லாம் ஒரே பிரச்சினைக்கு ஊருக்கு ஊர் கண்டுபிடித்த பதில்கள்.

இதில் ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் விலைகள் எல்லாம் புரிய ஆரம்பிக்கும். பணமாக மாற்ற முடிந்த நோட்டை மக்கள் மாற்றிக்கொண்டார்கள், அதனால் அது இன்று அரிது. மதிப்பிழந்த நோட்டும், மாற்றுவதற்கென்றே அச்சடிக்காத நோட்டும் பெட்டி பெட்டியாகத் தப்பித்தன, அதனால் அவை மலிவு.

## எதை வைத்து ஒப்பிடலாம்

நான் பார்ப்பது ஐந்து விஷயங்களை. நோட்டு உண்மையில் புழங்கியதா? ஒன்றின் விலை என்ன? எல்லை போட்டு முடிக்கக்கூடிய தொகுப்பு ஏதாவது அதற்குள் இருக்கிறதா, அல்லது கடல் மாதிரி முடிவே இல்லாமல் போகுமா? போலி, மறுபதிப்பு, பின்னால் குத்திய முத்திரை போன்ற பொறிகள் எவ்வளவு? கடைசியாக, நோட்டில் இருப்பதைப் படித்து அடையாளம் காண நமக்கு எவ்வளவு சிரமம்?

ஐந்தாவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ஜெர்மன் கோதிக் எழுத்தில் அச்சான ஊர்ப் பெயரைப் படிக்கப் பழக சில வாரங்களாவது ஆகும். சொல்லுக்குள் வரும் சிறிய நீள s, f இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒரே பெயரில் ஐந்தாறு ஊர்கள் வேறு இருக்கும்.

| நோட்டு | புழங்கியதா | விலை | முடிக்க முடியுமா | முக்கியப் பொறி |
|---|---|---|---|---|
| ஜெர்மனி, படத் தொடர்கள் 1919–22 | பெரும்பாலும் இல்லை | மிக மலிவு | ஒரு பகுதியை எடுத்தால் முடியும் | தொடரில் ஒன்று குறைந்த கட்டு |
| ஜெர்மனி, 1923 | ஆம், தீவிரமாக | மலிவு முதல் மிக அதிகம் வரை | முடியாது | பின்னால் குத்திய போலி முத்திரை |
| ஆஸ்திரியா, 1920 | பாதிக்குப் பாதி | மிக மலிவு | ஒரு மாநிலம் முடியும் | காகித, நிற வேறுபாடுகள் |
| பிரான்ஸ், 1914–20கள் | ஆம் | நடுத்தரம் | ஒரு சபை முடியும் | கிழிசலை மறைத்த சலவை |
| ஸ்பெயின், 1936–38 | ஆம் | நடுத்தரம் முதல் அதிகம் | ஒரு வட்டாரம் முடியும் | மறுபதிப்பு |
| இத்தாலி, 1975–78 | ஆம் | மலிவு | கிட்டத்தட்ட முடியும் | பெரிதாக எதுவும் இல்லை |

## ஜெர்மனி: படத் தொடர்கள்

எல்லாரும் முதலில் பார்ப்பது இதைத்தான். 1914 முதல் ஜெர்மன் ஊர்கள் சில்லறைக்காக வெளியிட்ட எளிய ஃபெனிக் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு) நோட்டுகளைச் சேர்ப்பவர்கள் ஆர்வமாகத் தேடியதைப் பார்த்த நகராட்சிகள், போர் முடிந்தபின் சேர்ப்பவர்களை மனதில் வைத்தே அச்சடிக்கத் தொடங்கின. ஊர்க் கதை, தேவாலயம், சூனியக்காரி, லூத்தர், பன்றி, பீர், எல்லாம் நான்கு ஐந்து வண்ணத்தில், ஆறு எட்டு நோட்டு கொண்ட தொடராக வரும். வாங்கியவர் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க மாட்டார், அச்சுச் செலவு போக மிச்சமெல்லாம் ஊருக்கு லாபம். செல்லுபடியாகும் தேதியே முடிந்துபோனபின் வெளியான தொடர்களும் உண்டு. 1922 ஜூலை 17 அன்று வந்த சட்டம் இந்த வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

இதனால் இவற்றை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. போரில் தோற்று, பசியோடு இருந்த ஒரு நாட்டின் சின்னச் சின்ன ஊர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தன, எதைப் பெருமையாகக் கருதின, யார்மேல் கோபமாக இருந்தன என்பதெல்லாம் இவற்றில் அப்படியே இருக்கிறது. 1920-இல் ஷ்லெஸ்விக் பகுதி டென்மார்க்கோடு போவதா ஜெர்மனியோடு இருப்பதா என்று நடந்த வாக்கெடுப்பைப் பற்றிய நோட்டுகளைப் பாருங்கள், தேர்தல் சுவரொட்டி மாதிரியே இருக்கும்.

இங்கே பெரிய ஆபத்து அளவுதான். எல்லாவற்றையும் சேர்ப்பது நடக்காத காரியம். அதனால் முதல் நாளே எல்லை போடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான எல்லை வேறு இல்லை: மெக்லென்பர்க் பகுதியின் "ராய்ட்டர் பணம்". அந்தப் பகுதியின் 70 ஊர்கள், ஒவ்வொன்றும் 10, 25, 50 ஃபெனிக் என்று மூன்றே நோட்டு, மொத்தம் 210. அந்த மண்ணின் வட்டார மொழியில் எழுதிய ஃபிரிட்ஸ் ராய்ட்டரின் நினைவாக வந்தவை, நோட்டுகளில் அந்த வட்டார மொழி வரிகளே இருக்கும். எண்ணிக்கை தெரியும், பட்டியல் தெரியும், ஒவ்வொன்றும் மலிவு, பொறுமையாகத் தேடினால் நிச்சயம் முடியும். தொகுப்பு ஒன்றை முடித்துப் பார்த்த அனுபவம் அடுத்த பத்து வருடத்துக்கு உங்களை இந்தத் துறையில் நிறுத்திவைக்கும்.

பீலெஃபெல்ட் நகரச் சேமிப்பு வங்கியின் பட்டு நோட்டுகள் தனி ரகம். வங்கியின் இயக்குநர் பால் ஹாங்கே பட்டு, லினன், வெல்வெட் என்று துணியில் அச்சடிக்க வைத்தார், சிலவற்றுக்கு ஓரத்தில் சரிகைத் தையலும் உண்டு. ஆஸ்டர்வீக்கில் தோலில் அச்சடித்தார்கள். இவை பார்க்கப் பிரமாதம், ஆனால் விலை ஒரேயடியாக ஏறும், பட்டு நம்மூர் வெக்கையில் மங்கவும் செய்யும். முதல் வருடத்தில் இந்தப் பக்கம் போகவேண்டாம்.

படம், வட்டாரக் கதை, குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கும் ஆல்பம், குறைந்த செலவு, இவைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: தொடர்களைத் தனித்தனியாகப் பிரித்து வாங்காதீர்கள். ஆறில் ஐந்து கையில் இருக்க, ஆறாவது ஒரு நோட்டுக்காகத் தனி உறை, தனித் தபால் செலவு என்று போகும்போது அந்த ஒரு நோட்டு முழுத் தொடரின் விலையைத் தாண்டிவிடும்.

ஒரு நடுவழியும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1916 முதல் 1920 வரை வந்த எளிய சில்லறை நோட்டுகள். பார்க்க பஸ் டிக்கெட் மாதிரி சாதாரணமாக இருக்கும், விலை படத் தொடர்களின் அளவுதான், ஆனால் உண்மையாகவே சந்தையில் புழங்கியவை. யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்.

## ஜெர்மனி: 1923

இது வேறு உலகம். 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழில் பகுதியைப் பிடித்தன. தொழிலாளர்கள் வேலை நிறுத்தி ஒத்துழைக்க மறுத்தார்கள், அவர்களுக்குக் கூலி கொடுக்க அரசு நோட்டு அடித்துத் தள்ளியது. கோடைக்குப்பின் மார்க்கின் மதிப்பு மணிக்கு மணி சரிந்தது. நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். மத்திய வங்கியின் அச்சகங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, ஊர்களும் தொழிற்சாலைகளும் ரயில்வேயும் தாங்களே அடித்துக்கொண்டன. வெளியிட்ட இடங்கள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல்.

அவசரம் அந்தத் தாளிலேயே தெரியும். ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறுமை. ஐந்து லட்சம் என்று அச்சடித்து வைத்த நோட்டு வெளியே போவதற்குள் உதவாமல் போய்விட, அதன்மேல் சிவப்பு மையில் குறுக்காக ஐம்பது கோடி என்று மறுபடி அச்சடித்திருப்பார்கள். கையிலெடுத்துச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு மையும் இரண்டு விதமாக மின்னும், சிவப்பு கறுப்பின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். விலைவாசி என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தாள் போதும் என்பேன்.

தூரிங்கியா மாநில வங்கிக்காக அப்போது வைமாரில் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் பையர் வடிவமைத்த நோட்டுகளும் இந்த ஆண்டைச் சேர்ந்தவைதான். பூ இல்லை, மன்னர் தலை இல்லை, தடித்த எழுத்தும் கோடும் மட்டும். அச்செழுத்துக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் போட்டி போடுவதால் இவற்றின் விலை மற்ற 1923 நோட்டுகளைவிடப் பல மடங்கு.

மேலே சொன்ன விதியை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். லட்சம் கோடி மார்க் நோட்டுகள்கூட நிறையக் கிடைக்கும். ஆனால் அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் தங்க மார்க், டாலர் மதிப்பில் வந்த நோட்டுகள் (0.42 தங்க மார்க் என்றால் டாலரில் பத்தில் ஒரு பங்கு, 4.20 என்றால் ஒரு டாலர்) அரிது. ஏனென்றால் அவற்றுக்கு மதிப்பு இருந்தது, மக்கள் மாற்றிக்கொண்டார்கள். நவம்பர் 15 அன்று ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வந்ததும் ஒரு லட்சம் கோடி பழைய மார்க் ஒரு ரென்டன்மார்க் ஆனது, கதை முடிந்தது.

பொறி எங்கே? மலிவான உண்மையான 1923 நோட்டின்மேல் பிற்காலத்தில் யாரோ நாஜிப் பிரசார முத்திரையோ யூத வெறுப்பு வாசகமோ குத்தி, பத்து மடங்கு விலைக்கு விற்பது. நோட்டு உண்மை, முத்திரை பொய். அப்படிப்பட்ட எதையும் ஆரம்பத்தில் தொடவே வேண்டாம்.

உங்களுக்கு வரலாறு, பொருளாதாரம் பிடிக்கும், அழகு முக்கியமில்லை, ஆல்பம் முடியாமலே நீண்டுகொண்டு போனால் கவலையில்லை என்றால் 1923 உங்களுக்கானது. எல்லை வேண்டுமென்றால் ஒரே நகரம் எடுத்துக்கொண்டு ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை தேதி வாரியாக அடுக்குங்கள். பூஜ்யங்கள் பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாதது புரியும்.

## ஆஸ்திரியா: 1920-இன் ஹெல்லர் நோட்டுகள்

பேரரசு உடைந்து சின்ன நாடாகிப்போன ஆஸ்திரியாவில் சில்லறைக் காசு மறைந்துபோக, 1920-இல் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் 10, 20, 50 ஹெல்லர் (அன்றைய குரோனில் நூறில் ஒரு பங்கு) என்று மூன்று மூன்றாக நோட்டு வெளியிட்டன. மேல் ஆஸ்திரியாவிலும் கீழ் ஆஸ்திரியாவிலும் அநேகமாக ஊர் தவறாமல் உண்டு. நம்மூர்க் கணக்கில் ஒரு ஊராட்சி அளவே உள்ள கிராமம் தன் கோவில் கோபுரத்தையும் மலையையும் படமாகப் போட்டுப் பணம் அடித்தது என்று நினைத்துப் பாருங்கள். ஹல்லைனில் மெல்லிய மரத் தகட்டிலும் அச்சடித்தார்கள்.

ஆரம்பிப்பவருக்கு இது சௌகரியம். பெரும்பாலும் மூன்றே மூன்று நோட்டு, அதனால் தொடரை முடிப்பது எளிது. விலை மிகக் குறைவு, ஏராளமானவை புழங்காத நிலையிலேயே கிடைக்கும். வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு ஆற்றங்கரையையோ ஒரு மாவட்டத்தையோ ஊர் ஊராக நிரப்பலாம்.

சிரமம், வேறுபாடுகளில். அதே நோட்டு வெள்ளைத் தாளில், மஞ்சள் தாளில், நீல மையில், ஊதா மையில், முத்திரையோடு, முத்திரையில்லாமல் என்று வரும், அதில் பாதி சேர்ப்பவர்களுக்காக வேண்டுமென்றே செய்தது. கேட்டலாக்கில் ஒரு சின்ன ஊருக்கே இருபது முப்பது வரி ஓடும். ஊருக்கு ஒரு தொடர் போதும், நிறம் எதுவானாலும் சரி என்று முடிவெடுத்துக்கொண்டால் நிம்மதி. எல்லா நிறமும் வேண்டும் என்று இறங்கினால் பணத்தைவிடப் பொறுமைதான் முதலில் தீரும்.

## பிரான்ஸ்: வர்த்தக சபைகளின் நோட்டுகள்

என் மனசு சாய்வது இந்தப் பக்கம்தான், மறைக்க விரும்பவில்லை.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் பிரான்சில் வெள்ளிக் காசு ஒரேயடியாக மறைந்தது. ஊர் ஊராக இருந்த வர்த்தக சபைகள் 50 சென்டிம், 1 பிராங்க், 2 பிராங்க் நோட்டுகளை வெளியிட்டன. வெளியிட்ட தொகைக்கு ஈடாகப் பிரான்ஸ் வங்கியில் பணம் கட்டிவைத்தார்கள், அதனால் மக்கள் நம்பி வாங்கினார்கள். லியோன், பாரிஸ், மார்செய் மட்டுமில்லை, கடல் தாண்டி அல்ஜீரியாவின் சபைகளும் வெளியிட்டன. 1920-களில் "வர்த்தக சபை" என்ற பெயரையே தாங்கிய மஞ்சள் நிற உலோகக் காசுகள் வந்து மெல்ல மெல்ல இவற்றின் இடத்தைப் பிடித்தன.

இந்த நோட்டுகள் உழைத்தவை. சந்தைக்காரி மடியிலும், ராணுவ வீரன் சட்டைப்பையிலும், சுரங்கத் தொழிலாளி கையிலும் கிடந்தவை. ஒன்றைக் கையில் எடுங்கள்: நான்காக மடித்த மடிப்பு நடுவில் சின்ன ஓட்டையாகவே ஆகியிருக்கும், ஓரம் உருண்டிருக்கும், பின்பக்கம் தபால்தலைத் தாளின் வெள்ளை ஓரத்தைக் கிழித்து ஒட்டிச் சேர்த்திருப்பார்கள். வெளிச்சத்துக்குக் காட்டினால் பலவற்றில் தேனீ வடிவ நீர்க்குறி தெரியும். அந்த ஒட்டுக்காகவே நான் சில நோட்டுகளை வாங்கியிருக்கிறேன். அரைப் பிராங்க் நோட்டு கிழிந்தபோது அதைத் தூக்கிப்போட முடியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்.

வடக்கே ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த லீல், ரூபே, டூர்கோயிங் பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். பிரெஞ்சுப் பணம் உள்ளே வர வழியில்லை, ஜெர்மன் படை சுமத்திய தண்டத்தொகை வேறு. அங்கே நகராட்சிகளே நோட்டு அடித்தன. பக்கத்து பெல்ஜியத்திலும் இதே கதை. போர்க்கால வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்கு இந்த நகராட்சி நோட்டுகள் வர்த்தக சபை நோட்டுகளைவிட ஒரு படி மேல்.

செலவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கசங்கிய நோட்டு மலிவு. புத்தம் புதியது விலை கூடுதல், ஏனென்றால் பெரும்பாலானவை புழங்கித் தேய்ந்தன அல்லது திரும்பப் போய் அழிந்தன. இந்த இடைவெளியில்தான் ஏமாற்று நுழைகிறது. அழுக்கு நோட்டைத் தண்ணீரில் கழுவி, இஸ்திரி போட்டு, ஓரத்தை வெட்டி நேராக்கி நல்ல நிலை என்று விற்பார்கள். கழுவிய தாள் உயிரில்லாமல் தொளதொளவென்று இருக்கும், நிறம் வெளிறியிருக்கும், ஓரத்தில் வெள்ளை இடம் நான்கு பக்கமும் சமமாக இருக்காது. புகைப்படத்தில் இது தெரியாது, சாய்வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எல்லை போடுவது இங்கே சுலபம்: ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து அதன் எல்லா வெளியீட்டையும் சேர்ப்பது, அல்லது சபைக்கு ஒரு நோட்டு என்று நாடு முழுவதும் சுற்றுவது. கொண்டாட்டமான படங்களை எதிர்பார்த்து வராதீர்கள். நகரச் சின்னம், வணிகத் தெய்வத்தின் பாம்பு சுற்றிய கோல், தேதி, கையெழுத்து, இவ்வளவுதான் பெரும்பாலானவற்றில். லத்தீன் எழுத்து என்பதால் படிப்பதில் சிரமமே இல்லை.

## ஸ்பெயின்: உள்நாட்டுப் போர்

1936-இல் உள்நாட்டுப் போர் வெடித்தபின் குடியரசு வசமிருந்த பகுதிகளில் சில்லறை மறைந்தது. கத்தலோனியாவில் நூற்றுக்கணக்கான நகராட்சிகளும் கூட்டுறவுகளும் 25, 50 சென்டிம், 1 பெசெட்டா என்று நோட்டு அடித்தன, பெரும்பாலும் கத்தலான் மொழியில். அஸ்துரியாஸ், பாஸ்க் அரசு வெளியீடுகளும் உண்டு. 1938-இல் குடியரசு அரசாங்கமே தபால்தலை ஒட்டிய வட்ட அட்டைகளைச் சில்லறையாக விட்டது. போரில் எதிரணித் தளபதி பிராங்கோ வென்றபின் குடியரசுப் பணம் வெற்றுத் தாளானது, கத்தலான் மொழி பொது இடங்களிலிருந்தே விரட்டப்பட்டது. அந்த நிலையில் ஒரு கிராமத்து நோட்டைப் பெட்டியடியில் ஒளித்து வைத்தவர்கள் காசுக்காக வைக்கவில்லை.

மொழி என்றால் உணர்ச்சி வருகிற நமக்கு இந்த நோட்டுகள் நெருக்கமாகவே இருக்கும். ஆனால் ஆரம்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல காகிதம் கிடைக்காத காலம், தாள் பொடிப்பொடியாகும். கிராம வெளியீடுகள் சில மிக அரிது, அந்தந்த ஊர்க்காரர்களே ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவார்கள். மறுபதிப்புகளும் சந்தையில் உண்டு, மறுபதிப்பு என்று எழுதி விற்றது இரண்டு கை மாறியபின் அந்த எழுத்து காணாமல் போய்விடும். ஸ்பானிய மொழி கொஞ்சம் தெரிந்தவருக்கும், ஒரே வட்டாரத்தில் ஆழமாகப் போக விரும்புகிறவருக்கும் மட்டுமே.

## இத்தாலி: மினி காசோலைகள்

போரும் இல்லை, பஞ்சமும் இல்லை, நாணயச்சாலையால் போதுமான காசு அடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். 1970-களின் இத்தாலியில் கடைக்காரர்கள் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய், தபால்தலை, தொலைபேசி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். (நமக்கு விளக்கம் தேவையில்லாத அனுபவம்.) 1975 டிசம்பரில் டூரினின் சான் பாவ்லோ வங்கி சின்னஞ்சிறு காசோலைகளை வெளியிட்டது, மற்ற வங்கிகளும் தொடர்ந்தன. நோட்டு அடிக்கும் உரிமை வங்கிகளுக்குக் கிடையாது, அதனால் காசோலை வடிவம். 50 முதல் 350 லிரா வரை இருந்தன, 1978 வாக்கில் காசு கிடைக்கத் தொடங்கியதும் மறைந்தன.

மலிவு, புழங்கியது, காகிதம் ஓரளவு நல்லது, பட்டியல் முழுமையானது. பழமை இல்லை என்பதுதான் குறை. பள்ளிப் பிள்ளைக்குத் தொடங்கிக் கொடுக்க அருமையான தேர்வு.

## தனியாகச் சொல்லவேண்டிய இரண்டு

ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த, ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவின் 1942 நோட்டுகளை ஓவியர் எட்மண்ட் பிளாம்பீட் வரைந்தார். ஆறு பென்ஸ் நோட்டின் பின்பக்கத்தில் உள்ள எக்ஸ் எழுத்தைப் பாதியாக மடித்தால் வெற்றிக்கான வி மட்டும் தெரியும். ஜெர்மன் அதிகாரிகள் கண்முன்னே புழங்கிய எதிர்ப்பு அது. நான்கைந்து நோட்டுதான், ஆனால் விலை அதிகம். அனுபவம் வந்தபின் ஒரே ஒரு ஆறு பென்ஸ் வாங்குங்கள், போதும்.

இன்னொன்று, நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த லோட்ஸ், தெரேசியன்ஷ்டாட் கெட்டோக்களின் நோட்டுகள். விற்பனைப் பட்டியல்களில் இவற்றையும் அவசரப் பணம் என்றே போடுவார்கள். இவை சில்லறைத் தட்டுப்பாட்டில் பிறந்தவை இல்லை. அடைபட்டவர்களிடமிருந்து உண்மையான பணத்தைப் பிடுங்கிக்கொள்ளவும், வெளியுலகத்துக்கு நாடகம் காட்டவும் பயன்பட்டவை. தெரேசியன்ஷ்டாட் நோட்டை வரைந்த பெட்ர் கியென் 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். போலிகளும் அதிகம். வாங்குவதென்றால் அந்த வரலாற்றைப் படித்துவிட்டு வாங்குங்கள், படத் தொடர் பக்கத்தில் எலி பிடிப்பவனோடு சேர்த்து வைக்காதீர்கள்.

## நோட்டு விலையில் எழுதியிராத செலவுகள்

ஒன்றரை யூரோ நோட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு தபால் செலவு வரும். வங்கியின் அந்நியச் செலாவணிக் கழிவு, சில நேரம் சுங்கம் என்று சேரும். அதனால் மலிவு நோட்டுகளை ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வைத்து ஒரே பார்சலாக வாங்குவதுதான் வழி. இந்தக் கணக்கில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஜெயிக்கும், ஏனென்றால் ஒரே கடையில் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய நோட்டுகளைத் தேடித் தேடி ஒவ்வொன்றாகத்தான் எடுக்கவேண்டியிருக்கும்.

கேட்டலாக் இன்னொரு செலவு. ஜெர்மன் தொடர்களுக்குக் கிராபோவ்ஸ்கி (Grabowski), மேல் (Mehl) என்ற இருவர் தொகுத்த பட்டியலின் எண்ணைத்தான் விற்பவர்கள் குறிப்பிடுவார்கள், பிரெஞ்சு நோட்டுக்குப் பிரோ (Pirot) என்பவரின் பட்டியல் எண். புத்தக விலையில் ஐம்பது நோட்டு வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் தொடரில் எத்தனை நோட்டு என்று தெரியாமல் வாங்குவதற்கு அந்தப் புத்தகம் மேல். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரம் போட்டுத் தரும் சேவைக்கு இந்த நோட்டுகளை அனுப்பவே வேண்டாம், கட்டணம் நோட்டு விலையை விழுங்கிவிடும்.

அப்புறம் நம்மூர் ஈரப்பதம். 1923 தாள்கள் பல மட்டமான மரக்கூழ்த் தாள், சென்னை போன்ற கடற்கரை ஊரில் பழுப்பேறி ஒடியும். மலிவான பி.வி.சி. ஆல்பப் பக்கங்கள் நாளாக ஆகப் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் உறைதான் வேண்டும். அலமாரியில் அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி தாளுக்கும் நல்லதில்லை, உறைக்கும் நல்லதில்லை. ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும், மாதம் ஒருமுறை ஆல்பத்தைத் திறந்து காற்றாடவிட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும்.

விற்பது பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே இந்த நோட்டுகளுக்கு வாங்குபவர்கள் குறைவு. உதிரியாக இருந்தால் கட்டோடு சேர்த்து ஏதோ ஒரு விலை சொல்வார்கள். முழுமையான தொகுப்பாக, ஊர்ப் பெயரும் பட்டியல் எண்ணும் எழுதி வைத்திருந்தால் வெளிநாட்டு ஏலத்துக்காவது அனுப்பலாம். அதனால் வாங்கிய அன்றைக்கே உறையின் மேல் (நோட்டின் மேல் ஒருபோதும் வேண்டாம்) ஊர், தேதி, எண், கொடுத்த விலை நான்கையும் எழுதிவிடுங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், ஒரே ஆர்டரில் ஆஸ்திரியாவின் இரண்டு மூன்று ஊர்த் தொடர்களும், குறுக்கே மறுஅச்சு உள்ள ஒரு 1923 நோட்டும், கசங்கிய ஒரு பிரெஞ்சு ஒரு பிராங்கும் வரவழையுங்கள். மூன்றையும் கொண்டுவரும் பல விற்பனையாளர்கள் ஜெர்மனியிலேயே இருக்கிறார்கள். வந்தபின் ஒரு மாதம் எதுவும் வாங்காமல், எதை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். அடுத்த ஆர்டரை அந்தப் பக்கம் போடுங்கள்.